பழைய மாயக்கதையை மறுபடி படிக்க: மதுரையில் புத்தகம் தேடுவது முதல் பைண்டிங் வரை

பள்ளிக்கூட நாட்களில் படித்த மாயக்கதையை முப்பது, நாற்பது வயதில் மறுபடி எடுக்க ஆசை வந்தால் முதலில் தட்டுவது புத்தகம் கையில் இல்லை என்பதுதான். இரவல் போனது திரும்பியிருக்காது. வீடு மாறியபோது பழைய பேப்பரோடு சேர்ந்து போயிருக்கும். இருந்தாலும் முதுகு பிரிந்து, நடுவில் பத்துப் பக்கம் காணாமல் கிடக்கும். கடை கடையாக ஏறி இறங்கி, நூலகக் கவுண்டர்களில் நின்று, பைண்டிங் கடைக்காரர்களிடம் பேசிப் பேசிச் சேர்த்த விவரங்களை இங்கே வரிசையாகத் தருகிறேன். மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ இருப்பவர்களுக்கு அலைச்சல் பாதியாவது குறையும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்பப் படிக்க நினைக்கும் புத்தகத்துக்கு ஒரே பிரதி வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிடைத்த பிரதியில் படித்தால் கதை ஞாபகம் வரும். முன்பு அதைப் படித்த நீங்கள் ஞாபகத்துக்கு வரமாட்டீர்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு பிரதியைக் கண்டுபிடிக்கவும் காப்பாற்றவும்தான்.

1. எந்தப் பதிப்பு என்று எழுதிவைத்துக்கொண்டு கிளம்புங்கள்

ஒரு தாளில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஏறக்குறைய எந்த வருடம் படித்தீர்கள், அட்டையில் என்ன படம் என்று எழுதுங்கள். அட்டைப்படம்தான் பெரிய துப்பு. ஆங்கிலப் புத்தகம் என்றால் இணையத்தில் தலைப்போடு ‘அட்டைப்படம்’ என்று தேடி, உங்கள் நினைவில் இருப்பது வந்ததும் அதன் ஐ.எஸ்.பி.என். எண்ணை (ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். 2007க்கு முந்தைய புத்தகங்களில் அந்த எண் 10 இலக்கம். அதற்குப் பின் 13 இலக்கம். முன்னால் 978 சேர்த்தால் மட்டும் பழைய எண் புதிய எண்ணாகிவிடாது, கடைசி இலக்கமும் மாறும். அதனால் இரண்டையும் தனித்தனியாகக் குறித்து, இரண்டிலும் தேடுங்கள்.

பழைய தமிழ்ப் புத்தகங்களில் இந்த எண்ணே இருக்காது. பதிப்பகத்தின் பெயரும் மொழிபெயர்ப்பாளர் பெயரும்தான் அடையாளம். ஒரே கதையை இரண்டு பேர் மொழிபெயர்த்திருப்பார்கள், உங்கள் காதில் நிற்கும் வாக்கியம் அதில் ஒருவருடையதாக இருக்கும். தலைப்புப் பக்கத்தில் ‘தழுவல்’, ‘சுருக்கம்’, ‘சிறுவர் பதிப்பு’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயிரத்தொரு இரவுகள் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல, சில கதைகளை மட்டும் எடுத்துச் சுருக்கியவை.

ஆங்கில ஃபேன்டஸியில் பதிப்புக்குப் பதிப்பு உள்ளே இருக்கும் எழுத்தே மாறிய இடங்கள் உண்டு. தெரிந்துகொண்டு தேடினால் பணம் வீணாகாது:

‘த ஹாபிட்’ 1937இல் வந்தது. 1951 பதிப்பில் டோல்கின் ஐந்தாம் அத்தியாயத்தை மாற்றி எழுதினார். முதல் பதிப்பில், குகையில் வாழும் கோல்லம் என்ற பாத்திரம் மோதிரத்தைப் பந்தயப் பொருளாகத் தானே முன்வந்து சொல்லும். இப்போது நமக்குத் தெரிந்த கோபமும் வஞ்சமும் பின்னால் வந்தவை. கடைகளில் நம் கைக்குக் கிடைப்பது எல்லாமே திருத்திய வடிவம், ஆகவே இதில் குழம்ப வேண்டாம். ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ விஷயத்தில்தான் கவனம் வேண்டும். 1968இல் இங்கிலாந்தில் வந்த ஒற்றைத் தொகுதி பேப்பர்பேக்கில் பின்னிணைப்புகளில் பெரும்பகுதி கிடையாது. தடித்த பழைய ஒற்றைத் தொகுதி மலிவாகக் கிடைத்தால் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இரண்டாம், மூன்றாம் முறை படிக்கும்போதுதான் அந்தப் பின்னிணைப்புகள் தேவைப்படும்.

ஹாரி பாட்டர் முதல் புத்தகத்துக்கு அமெரிக்கப் பதிப்பில் தலைப்பே வேறு, உள்ளே சொற்களும் சில மாறியிருக்கும். இந்தியாவில் நாம் வாங்கிப் படித்தது பெரும்பாலும் பிரிட்டிஷ் வடிவம்தான். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் இந்த வித்தியாசம் தெரியும்.

2. வாங்குவதற்கு முன் சொந்த ஊர் வீட்டில் தேடுங்கள்

உசிலம்பட்டியோ மேலூரோ திருமங்கலமோ, ஊரில் பெரியவர்கள் இருக்கும் வீட்டின் பரணைப் பாருங்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணி வைக்கும் பழக்கம் முந்தின தலைமுறையில் நிறைய வீடுகளில் இருந்தது. அந்தத் தொகுப்புகளுக்கு நடுவில் அம்புலிமாமா இதழ்கள் அகப்படலாம். 1947 ஜூலையில் தொடங்கி பல பத்தாண்டுகள் வந்த பத்திரிகை அது. வேதாளக் கதையை அதில் படித்தவர்களுக்கு வேறு எந்தப் பதிப்பும் திருப்தி தராது. பரண் ஏறும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், கையில் டார்ச்சும் ஒரு பழைய பெயின்ட் பிரஷும் இருக்கட்டும். தூசியைத் துணியால் துடைத்தால் பக்கத்துக்குள் ஏறும், பிரஷால் தட்டினால் போய்விடும்.

3. நூலகத்தில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

சிறு வயதில் பிடித்த எல்லாப் புத்தகமும் மறுவாசிப்பைத் தாங்காது. முதல் ஐம்பது பக்கம் நூலகத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தால், தேடி அலைவது தகுமா என்று தெரிந்துவிடும்.

புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. பரப்பு இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல், நூல்கள் மூன்று லட்சத்துக்கு மேல். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஃபேன்டஸி தேடுபவர்கள் அங்கேயும் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான ஆங்கிலப் புனைவு அடுக்கில் இல்லாத தொடர்கள் பல நேரம் சிறுவர் பிரிவில் இருக்கும். பையை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும், அதனால் ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் கையில் எடுங்கள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க விரும்பினால் எந்தப் பகுதியில் அனுமதி என்று வரவேற்பில் முதலிலேயே கேளுங்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க, சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகமோ உங்கள் பகுதிக் கிளை நூலகமோ சரி. உறுப்பினராக ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படம், படிவம், கூடவே ஒரு சிறு காப்புத்தொகை. வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஆதாரில் பழைய முகவரி இருந்தால், தற்போதைய முகவரிக்கு கேஸ் பில்லோ வங்கிப் புத்தகமோ சேர்த்து எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது நடை நடக்க வேண்டும். காப்புத்தொகை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், உறுப்பினர் நிலையை முடித்துக்கொள்ளும்போது அதைக் காட்டித்தான் பணம் திரும்ப வாங்க முடியும். கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி.

நூலகப் புத்தகத்தில் பென்சில் படக்கூடாது. ஆகவே இது தேர்வு செய்யத்தான். உங்கள் பிரதி உங்களுடையதாக இருக்கட்டும்.

4. பழைய புத்தகம் வாங்குவது

இந்தப் படிதான் நீளமானது. நேரமும் இதற்குத்தான் அதிகம் போகும்.

பழைய பேப்பர் கடையிலிருந்து தொடங்குங்கள். எல்லாத் தெருமுனையிலும் ஒன்று இருக்கிறது. வீடு காலி செய்பவர்கள் புத்தகத்தை எடைக்குப் போடுவது அங்கேதான். கடைக்காரருக்கு ஆசிரியர் பெயர் சொல்லிப் பிரயோசனமில்லை. “அண்ணே, இங்கிலீஷ் கதைப் புக்கு, அம்புலிமாமா மாதிரி பழைய புக்கு வந்தா கட்டுப் பிரிக்காம எடுத்து வைங்க, நான் வந்து பாத்து எடுத்துக்கிறேன்” என்று சொல்லி போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எடை விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்க வேண்டாம். அடுத்த தடவை அவராகவே கூப்பிடுவார். ஏப்ரல், மே மாதங்களில் பரீட்சை முடிந்து வீடுகள் காலியாகும்போதும், மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் வரத்து அதிகம். அந்த இரண்டு பருவத்திலும் வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ரயில் நிலையத்தைச் சுற்றியும் மாசி வீதிகள் பக்கமும் பழைய புத்தகம் விற்பவர்களிடம் விலை கூடும், ஆனால் ஓரளவு பிரித்து அடுக்கி வைத்திருப்பார்கள். நல்ல நிலையில் உள்ள ஆங்கில பேப்பர்பேக் 100 முதல் 250 ரூபாய்க்குள் பேசி வாங்கலாம். தொடரில் ஒரே ஒரு பாகம் இல்லை என்று தெரிந்தால் விலை ஏறும். எது குறைகிறது என்று வாயைத் திறந்து சொல்லாதீர்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் அந்த வீதிகளில் புத்தகம் தேடிப் போக வேண்டாம், நிற்கவே இடம் இருக்காது.

நாட்டார் மாயக்கதைகளைத் தேடுபவர்கள் ‘பெரிய எழுத்து’ புத்தகங்களை விட்டுவிடாதீர்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை. அல்லி மதுரையை ஆண்ட அரசி. அர்ச்சுனன் பாம்பு உருவம் எடுத்து அவள் அரண்மனைக்குள் நுழைகிறான். நம் ஊரையே களமாகக் கொண்ட மாயக்கதை இருக்க, அதைப் படிக்காமலே பெரியவர்களாகிவிட்டவர்கள் எத்தனையோ பேர். இப்போதாவது எடுத்துப் படியுங்கள். புதுமண்டபத்தில் புத்தகக் கடை இருந்ததே என்று தேடி அங்கே போகாதீர்கள். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. இந்த நூல்களின் தாள் சாணித்தாள். வாங்கும்போதே இரண்டு பிரதி வாங்கி ஒன்றைப் பத்திரமாக வைப்பது நல்லது.

பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள். அச்சகத்தில் தாள் 16 அல்லது 32 பக்க ஃபாரங்களாக மடிக்கப்பட்டுக் கோக்கப்படும். பிழை வந்தால் ஒரு முழு ஃபாரம் விடுபட்டிருக்கும், அல்லது அதே ஃபாரம் இரண்டு முறை இருக்கும். எனவே 16, 32, 48 என்று பக்க எண்களைத் தாண்டித் தாண்டிப் பார்த்தாலே போதும், ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை. எழுத்து மங்கி, அட்டை நிறம் வெளிறி, தாள் மெல்லியதாக இருந்தால் அது திருட்டுப் பதிப்பாக இருக்கலாம். நடைபாதையில் பிரபலமான ஃபேன்டஸி தொடர்கள் இந்த வடிவில்தான் மலிவாகக் கிடைக்கின்றன. ஒருமுறை படிக்கவே கண் வலிக்கும் அச்சை வருடக்கணக்கில் வைத்துப் படிக்க முடியாது, எழுத்தாளருக்கும் அதில் ஒரு காசு போகாது. வாங்காதீர்கள்.

புத்தகத்தை முகர்ந்து பாருங்கள். ஈர வாடை அடித்தால் பூஞ்சை இருக்கிறது. அது வீட்டில் மற்றப் புத்தகங்களுக்கும் பரவும்.

5. புதிதாக வாங்குவதென்றால்

தமிழ்ப் புத்தகங்களுக்கு மேல வெளி வீதி சர்வோதய இலக்கியப் பண்ணையில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது வழக்கமாக 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஏழு, எட்டுப் பாகத் தொடர் வாங்குகிறவர்கள் அதுவரை காத்திருக்கலாம். கடைசி ஞாயிறு போகாதீர்கள், தொடரின் முதல் பாகம் எல்லாக் கடையிலும் தீர்ந்திருக்கும். வார நாளில் மதியம் போனால் நின்று பார்க்க முடியும்.

தொடர்களில் வரிசை எண்ணை நம்பி வாங்குகிறவர்களுக்கு நார்னியாவில் ஒரு சிக்கல் உண்டு. ஏழு புத்தகங்களும் 1950 முதல் 1956 வரை வந்தவை. முதலில் வந்தது சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் வரும் கதை. இப்போது விற்கும் தொகுப்புகளில் கதைக்காலத்தை ஒட்டி எண்ணிட்டிருப்பதால் அது இரண்டாவதாக இருக்கும், 1955இல் வந்த புத்தகம் ஒன்றாம் எண்ணில் இருக்கும். மறுவாசிப்புக்கு எந்த வரிசையும் சரி. வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதாக இருந்தால் வெளிவந்த வரிசையிலேயே கொடுங்கள். அலமாரிக்குள் பனி விழுவதை ஒன்றும் தெரியாமல் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கும்.

எர்த்சீ தொடரை முதல் மூன்று பாகத்தோடு நிறுத்தியவர்கள் நான்காவதையும் வாங்குங்கள். முதல் மூன்றும் 1968, 1971, 1972இல் வந்தன, நான்காவது 1990இல். இடையில் அதே தீவுகளை அர்சுலா லெ குவின் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியிருந்தார். மந்திரம் எல்லாம் ஏன் ஆண்கள் கையில் இருக்கிறது என்ற கேள்வி நான்காவதில் எழுகிறது. அதைப் படித்துவிட்டு முதல் பாகத்துக்குத் திரும்பினால், சிறுவயதில் கண்ணில் படாத வரிகள் எழுந்து நிற்கும். மறுவாசிப்பை ஒரே ஒரு தொடரில் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

6. சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவை

இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் வாழ்நாளும், இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டும். சி. எஸ். லூயிஸ் 1963இல் இறந்தார். எனவே அவர் உயிரோடு இருந்தபோது வெளியான நார்னியா நூல்களின் மூல எழுத்து 2024 ஜனவரி 1 முதல் இங்கே பொதுவுடைமை. படங்கள் அப்படி ஆகா. வரைந்த பாலின் பேன்ஸ் 2008 வரை வாழ்ந்தவர், அவருக்குத் தனி உரிமை. மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை. டோல்கின் இறந்தது 1973இல், ஆகவே 2033 முடியும்வரை அவர் நூல்கள் உரிமைக்கு உட்பட்டவை. யாராவது வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். அனுப்பினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தமிழில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களின் ஸ்கேன்கள் கட்டணமின்றிக் கிடைக்கும். மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய தன்னார்வ முயற்சி; பெயரைப் பார்த்து ஊருக்குள் அதன் அலுவலகத்தைத் தேட வேண்டாம்.

7. பைண்டிங்: கடையில் விடுவதற்கு முன் சொல்ல வேண்டியவை

நல்ல புத்தகம் பாழாவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். எனக்குத் தெரிந்த ஒரு பிரதி, அட்டைப்படம் கிழித்து எறியப்பட்டு, மூன்று ஓரமும் வெட்டப்பட்டு, பக்க எண்கள் பாதியோடு திரும்பி வந்தது. கடைக்காரரின் கண்ணில் அது சுத்தமான வேலை. கணக்கு நோட்டும் கல்லூரி ரெக்கார்டும் அப்படித்தான் பைண்ட் செய்யப்படும். கதைப்புத்தகத்துக்கு வேறு மாதிரி வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியது இவ்வளவு. “அண்ணே, ஓரம் வெட்ட வேணாம். பழைய அட்டையைக் கிழிக்காம உள்ள வச்சு ஒட்டுங்க. பசையில மயில்துத்தம் கலந்துக்கங்க.” மைதாப் பசை பூச்சிக்குத் தீனி, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூச்சி அண்டாது. பழைய ஆட்களுக்கு இது தெரியும், புதியவர்கள் கலக்காமல் விடுவார்கள்.

பேப்பர்பேக்குகளில் பக்கங்கள் தனித்தனித் தாளாக முதுகில் பசையால் ஒட்டப்பட்டவை. நம் ஊர் வெயிலில் சில வருடத்தில் அந்தப் பசை காய்ந்து நொறுங்கும். அவற்றைத் தைக்கும்போது முதுகோரத்தில் குத்துத் தையல் போடுவார்கள். உள் ஓரம் குறைவாக இருந்தால் புத்தகம் விரியாது, வரியின் கடைசி எழுத்து மடிப்புக்குள் போய்விடும். ஒரு சுண்டுவிரல் அகலம் உள் ஓரம் இல்லாத புத்தகத்துக்குத் தையல் வேண்டாம், முதுகில் புதிதாகப் பசை போட்டு மல் துணி ஒட்டச் சொல்லுங்கள். ஃபாரம் ஃபாரமாகத் தைத்த பழைய கெட்டி அட்டைப் புத்தகமானால் அதே மடிப்பில் மறுபடி தைக்கலாம்.

கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று பார்த்து, காணாத பக்கங்களை நூலகப் பிரதியிலிருந்து நகல் எடுத்து, அதே அளவுக்கு வெட்டி உரிய இடத்தில் சொருகுங்கள். பைண்ட் செய்த பிறகு சேர்க்க முடியாது. காலிகோ (பைண்டிங் துணி) முதுகு வைத்து ஒரு புத்தகத்துக்கு 150 முதல் 300 ரூபாய் ஆகும், தடிமனைப் பொறுத்தது. மார்ச், ஏப்ரல் முழுக்கக் கல்லூரி ப்ராஜெக்ட் வேலையும் ஜூனில் பள்ளிக்கூட வேலையும் இருக்கும். அப்போது கொடுத்தால் அவசரத்தில் செய்து தருவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் கொடுங்கள். முதலில் அதிகம் பிரியமில்லாத ஒரு புத்தகத்தைக் கொடுத்துக் கைவேலையைப் பாருங்கள்.

8. படித்ததைக் குறித்து வைப்பது

கடைசி வெற்றுப் பக்கத்தில், படித்து முடித்த மாதமும் வருடமும், எந்த வீட்டில் இருந்தபோது படித்தீர்கள் என்பதும், யாரைப் பிடித்தது என்பதும் மூன்று வரி. பென்சிலில் எழுதுங்கள், பேனா மை சாணித்தாளில் மறுபக்கம் ஊறும். ஓரக் குறிப்புகளுக்கு ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு அடையாளம் வையுங்கள்: முதல் தடவைக்குக் கோடு, இரண்டாவதுக்குப் புள்ளி, இப்படி. பத்து வருடம் கழித்து, எந்த வயதில் எந்த வரியில் நின்றீர்கள் என்று பக்கத்திலேயே தெரியும். பதினைந்து வயதில் சாகசம் செய்யும் பையனின் பக்கம் கோடு போட்டிருப்பீர்கள். பிள்ளை பெற்ற பிறகு, அவனை அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் பெரியவர்களின் பக்கம் புள்ளி விழும்.

மறுபடி படிக்க எவ்வளவு இடைவெளி என்று கேட்பார்கள். கதை முடிவு ஞாபகம் இருந்து, நடுப்பகுதி மறந்திருக்கும் நிலை சரியான நேரம். எனக்கு அது ஐந்தாறு வருடம். வருடா வருடம் படித்தால் சொற்கள் மனப்பாடமாகி, கண் அவற்றின்மேல் வழுக்கிப் போகும்.

9. பூச்சி, மழை, இரவல்

ராமபாணப் பூச்சி இருட்டில், நெருக்கி அடுக்கிய இடத்தில் வரும். அடுக்கில் விரல் நுழையும் அளவு இடம் விடுங்கள், வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் புத்தகத்துக்கு ஏறும். தை பிறந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விரித்து வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் பசை உருகி அட்டை வளையும்.

இரவல் கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்வது கஷ்டம், சொல்லவும் கூடாது. அதனால் இரவல் கொடுக்கவென்றே பழைய பேப்பர் கடையில் இரண்டாவது பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு எழுதிய பிரதியின் முதுகில் ஒரு சிவப்பு நூல் ஒட்டிவைத்தால், வீட்டில் வேறு யார் எடுத்துக் கொடுத்தாலும் அது கைமாறிப் போகாது.